செதிலிக்குப் போட்ட வார்த்தை

காபோன் காட்டின் நடுவே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒக்குமே மரத்தைத் தாள் தாளாகச் சீவிப் பிளைவுட் செய்கிற ஒரு கம்பெனியில், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த ஏழு குடும்பங்களும் முப்பது முப்பத்தைந்து ஒற்றை ஆண்களும் தகரக்கூரை லைன் வீடுகளில் குடியிருக்கிறோம், எங்கள் வீட்டுப் பின்பக்கம் பேச்சைப் பிடித்துத் தின்கிற குருவி ஒன்றும் குடியிருக்கிறது, அதை விரட்டித் தாருங்கள் என்று நான் கேட்காத ஆள் இந்த லைனில் இல்லை.

அது தானாக வரவில்லை. எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அவர் பெயர் வின்ஸ்லின், மரம் சீவுகிற மெஷினில் நிற்கிறார், மெஷினில் கட்டை சுழலச் சுழலக் கத்தி அதன் உடம்பிலிருந்து சேலையை உருவுவது போல மரத்தை உருவி எடுக்கும். எனக்கு அப்போது ஏழு மாதம். அன்று லோடர் கொண்டுவந்து போட்ட ஒரு கட்டையில், கொம்பு ஒடிந்து உளுத்த பொந்துக்குள், மூன்று முட்டையும் முட்டை மேல் ஒரு குருவியும் இருந்தது, காட்டில் மரத்தை அறுத்தபோதும் அது எழும்பவில்லை, இரண்டு நாள் லாரியில் வந்தபோதும் எழும்பவில்லை. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் கூட்டைக் கலைக்கக் கூடாது, பாம்பை அடிக்கக் கூடாது, சுவரில் ஆணி கூட அறையக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாளொன்றுக்கு நாற்பது மரத்தின் தோலை உரிக்கிற மனுஷன், அந்த ஒரு கட்டையை மட்டும் மெஷினில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லி, லோடர்காரன் கையைக் காலைப் பிடித்து, எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து இறக்கிவிட்டார். உளுத்த கட்டை என்று மேனேஜர் அதை மறந்துபோனார்.

முட்டை பொரிந்தது, குஞ்சுகள் பறந்து காட்டுக்குள் போயின, தாய் போகவில்லை. முதுகு சிலேட்டுப் பலகை நிறம், நெஞ்சு வெள்ளை, வெள்ளையில் கறுப்பு வளைவு வளைவாக, சாளை மீனைத் திருப்பிப் போட்டது போல இருக்கும். மெஸ் சமையல்காரர் கோலப்பன் அண்ணன்தான் அதற்குச் செதிலி என்று பேர் போட்டார். கட்டையின் நுனியில் அசையாமல் இருக்கும், பூச்சி பறந்தால் ஒரு பாய்ச்சல், டப்பென்று ஒரு சத்தம், திரும்ப அதே நுனிக்கு வந்து, பிடித்ததை இடது பக்கம் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி மரத்தில் அடித்து விழுங்கும், அவ்வப்போது கழுத்தை நீட்டி, தின்ற பூச்சிகளின் ஓடுகளையெல்லாம் மிளகு போல ஒரு உருண்டையாகக் கக்கிப் போடும்.

நான் மகள் ஜெமியைப் பெற்றெடுத்து டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மத்தியானம், கோலப்பன் அண்ணன் கட்டைக்கு எதிரே உள்ள மெஸ் படியில் நின்று வழக்கம் போல "சோறு ஆச்சேய்" என்று கத்தினார், செதிலி பாய்ந்தது, டப்பென்றது, கட்டைக்கு வந்து இடது ஒன்று வலது ஒன்று அடித்து விழுங்கியது, அண்ணன் வாய் திறந்தது எல்லோருக்கும் தெரிந்தது, சோறு ஆன செய்தி ஒருவருக்கும் வந்து சேரவில்லை. மறுநாள் அவர் ஒரு தட்டைக் கட்டித் தொங்கவிட்டு அகப்பையால் அடித்தார். லைன் முழுவதும் அன்று அதைப் பற்றித்தான் பேச்சு, குருவியைப் பற்றி இல்லை, தட்டு சின்னது, தாளைக் காயவைக்கிற டிரையர் பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்கவில்லை, பெரிய தட்டாகப் பார்த்துக் கட்ட வேண்டாமா என்று.

அதற்குப் பிறகு குருவியின் அருமை ஒவ்வொருவருக்காகத் தெரிந்தது. முதலில் தெரிந்தது ஸ்டோர்கீப்பர் பெண்டாட்டி ரெஜினி மைனிக்கு. அண்ணி முறையை எங்கள் பக்கம் மைனி என்போம். அவளும் புருஷனும் சண்டை போட்டால் ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும், ஒரு நாள் எங்கள் வீட்டுப் பின்னால் வைத்து அவள் அவரைச் சொன்ன சொல்லையெல்லாம் செதிலி ஒவ்வொன்றாக வந்து கொத்திக்கொண்டு போக, புருஷன் ஒன்றும் கேளாமல் பல் குத்திக்கொண்டு நிற்க, சொன்னவளுக்கு மட்டும் நெஞ்சு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. "பிள்ளே சுனிலா, சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டது மாதிரி இருக்கு கேட்டியா" என்றாள் என்னிடம். பிறகு ஒற்றை ஆண்கள் வந்தார்கள், ஊருக்குப் போன் பேசி முடித்ததும் போனில் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டில் மரச்சீனிக் கிழங்கு விற்கிற இந்த நாட்டுக்காரி ஓதில் அம்மா வந்து அவள் பாஷையில் மகனைத் திட்டிவிட்டுப் போவாள், செதிலிக்குப் பாஷை வித்தியாசம் கிடையாது. மேனேஜர் தங்கவேல் சார் கோயம்புத்தூர்க்காரர், அவர் ஏசத் தொடங்கினால் ஆட்கள் "சார், இப்படி நிழலுக்கு வாங்க சார்" என்று பின்பக்கமே நடந்து நடந்து கட்டையடிக்குக் கூட்டிவந்துவிடுவார்கள், அவர் அரை மணி நேரம் ஏசிவிட்டு, "இப்பத்தாங்க மனசுக்கு நிம்மதியா இருக்குது" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு போவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டவுன் சர்ச்சிலிருந்து வருகிற சாமியார், பாவத்தைச் சொல்லித் தீர்க்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை குறைந்துபோனதன் காரணத்தைக் கேட்டறிந்து, கட்டைக்கும் ஒரு துளி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வேஸ்ட் பிளைவுட்டில் ஒரு பெஞ்சு வந்தது, பெஞ்சுக்கு மேல் தகரம் வந்தது, தகரத் தூணில் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று எழுதின அட்டை வந்தது. எல்லாம் என் கொல்லையில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், கேட்டிருக்கலாம், அதுவும் தின்று போயிருக்கலாம்.

ஜெமிக்கு ஒரு வயது ஆனது, ஒன்றரை ஆனது, இரண்டு ஆகப் போகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை.

எப்படிப் பேசுவாள்? நான் "நிலா" என்று சொல்ல வாயைத் திறந்தால், லா வெளியே வருமுன் கண்ணுக்கு முன்னால் ஒரு சாம்பல் கோடு, டப்பென்று ஒரு சத்தம். "பால்", டப். "அம்மா", டப், இடது ஒன்று வலது ஒன்று. மற்றவர்கள் பேச்சைக் கட்டையடிக்கு வந்தால்தான் தின்னும், என் பேச்சையும் என் பிள்ளையிடம் பேசுகிற பேச்சையும் மட்டும் வீட்டுக்குள் வந்து தின்னும். ஜன்னலை அடைத்தேன், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியால் வந்தது. இடைவெளியில் துணி திணித்தேன், பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி தூங்குமாக்கும் என்று பார்த்தால், மூன்று ஷிஃப்டுக்கும் யார்டு விளக்கு எரிகிறது, விளக்கில் பூச்சி, பூச்சிக்குச் செதிலி, அதற்கு இரவும் கிடையாது பகலும் கிடையாது. பிள்ளையை ஒரு வாரம் ரெஜினி மைனி வீட்டில் விட்டேன், செதிலி அங்கே போய் அவள் ஜன்னலில் இருந்தது. ஜெமி என் வாயைப் பார்ப்பாள், அது திறக்கும், மூடும், அவளும் திறப்பாள், மூடுவாள், கரையில் இழுத்துப் போட்ட மீன் போல. பிறகு கையில் பிஸ்கட்டைக் கொடுத்தால் அதைத் தரையில் இடது ஒரு அடி, வலது ஒரு அடி அடித்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். முதல் தடவை அதைப் பார்த்த அன்று பிஸ்கட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ரெஜினி மைனி கைதட்டிச் சிரித்தாள், "எனக்க தங்கம், குருவி மாதிரியே செய்யுகா பாரு" என்று.

ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்பாள், "எட்டி, நீ பிள்ளைகிட்ட பேசுகியா இல்லியா? கான்வென்ட்ல படிச்சவ, வாயத் திறந்தா முத்து உதுந்திருமோ?" நான் பதில் சொல்வேன், செதிலி போனுக்கும் என் வாய்க்கும் நடுவே புகுந்து எடுத்துக்கொண்டு போகும், மாமியார், "பாத்தியா, இப்பளும் பேசமாட்டேங்கா" என்று என் புருஷனிடம் சொல்வாள். அவள் சொன்னதிலும் ஒரு உண்மை உண்டு. நான் பேசாமல் இருக்கப் படித்தவள். எங்கள் பள்ளியில் சாப்பாட்டு மணிக்கு முன் பத்து நிமிஷம் உதட்டில் விரல் வைத்து இருக்க வேண்டும், நான் மணி அடித்த பிறகும் விரலை எடுக்க மாட்டேன், அதற்காக மூன்று வருஷம் தொடர்ந்து நல்லொழுக்கப் பரிசு வாங்கினேன். இப்போது புருஷனிடம் பேச வேண்டுமென்றால் ஒரே அறையில் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் எழுதுகிறேன். எழுத்தைச் செதிலி தின்பதில்லை.

அதனால்தான் இதையும் எழுத முடிகிறது. என் பிள்ளையிடம் மட்டும் ஏன் அது வருகிறது என்று லைனில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். பெற்றுவந்த புதிதில், என் அம்மா இல்லாத, தண்ணீர் கூட வேறு நிறத்தில் வருகிற இந்த இடத்தில், முலை புண்ணாகி, தூக்கம் இல்லாமல், ராத்திரியானால் காடு வீட்டுச் சுவர் வரைக்கும் நடந்து வருவதாகத் தோன்றி, சாயந்தரம் தோறும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டையடியில் போய் நின்று, ரெஜினி மைனிக்கும் முன்பே, எல்லோருக்கும் முன்பே, நான்தான் செதிலிக்குத் தீனி போட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். இந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னேன். அவள் காது என் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. சொல்லச் சொல்ல செதிலி என் உதட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது, எனக்கு லேசாக இருந்தது, நாற்பது நாள் அப்படிச் செய்தேன், அந்தப் பிள்ளை இருக்கிற இடம் தீனி இருக்கிற இடம் என்று அது படித்துக்கொண்டது.

போன மாதம் கட்டையை மெஷினில் ஏற்றச் சொல்லி மெஸ்ஸில் எல்லோரையும் கூட்டினேன். செதிலி என் பின்னாலேயே வந்து மெஸ் ஜன்னலில் இருந்தது. நான் எழுந்து நின்று, என் பிள்ளையின் வாயை நினைத்து, தொண்டை கிழியச் சொன்னேன், டப், டப், டப்.

"சுனிலா என்ன சொல்லுகா?" என்றார் கோலப்பன் அண்ணன்.

"என்னமோ சொல்லுகா. பாவம், முகமெல்லாம் செவந்து போச்சு" என்றாள் ரெஜினி மைனி.

"கட்டையப் பத்தியா இருக்கும். கட்டை அங்கயே கெடக்கட்டு, நமக்கு எல்லாருக்கும் உபகாரமாக்கும்."

"பின்ன? பிள்ள நாளைக்குப் பேசும். எனக்க அண்ணன் மவன் அஞ்சு வயசிலயாக்கும் பேசினான், இப்ப வக்கீலு."

நான் காகிதத்தில் நாலு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் கடைசி வரை படித்தார். "கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதுங்க. கான்வென்டுங்களா?" என்று கேட்டு மடித்து டிராயரில் வைத்தார்.

அன்றைக்கு வீட்டில் வைத்து வின்ஸ்லினுக்கு எழுதினேன்: நீங்கள் கொண்டுவந்தது, நீங்களே மெஷினில் ஏற்றுங்கள். அவர் படித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு மறுபடியும் மூன்று மாதம்.

"எட்டி, எப்படி முடியும்? நீ இருக்கிற நெலைமையில நான் கூட்டைக் கலைக்கலாமா? உனக்கே தெரியாதா?"

அப்படியானால் ஊருக்குப் போகிறேன் என்று எழுதினேன். கான்ட்ராக்ட் முடியப் பதினாலு மாசம் இருக்கு என்றார். பதினாலு மாதத்தில் இரண்டாவதும் வந்துவிடும், அதுவும் என் வாயைப் பார்த்துத் திறந்து மூடும். போனைச் சுவரில் எறிந்தேன். சுவரும் பிளைவுட், ஒன்றும் உடையவில்லை.

பிள்ளைக்கு நாக்கு அவிழ வேண்டும் என்று ரெஜினி மைனிதான் எங்கள் வீட்டில் ஜெபமாலை வைத்தாள், அதற்கு நான் அவளுக்குக் கடன்பட்டவள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஜெபமாலை சொல்வதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், முன்பாதி சொல்கிறவள் முடிக்குமுன் பின்பாதி சொல்கிறவர்கள் தொடங்கிவிடுவார்கள், அவர்கள் முடிக்குமுன் இவள், நடுவே ஒரு ஊசி நுழைய இடம் இருக்காது. நான் மணி உருட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். செதிலி தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது, சிறகை விரித்தது, மடக்கியது. ஐம்பத்து மூன்று மணியும் முடிகிற வரை அதால் ஒன்றைக் கூடப் பிடிக்க முடியவில்லை. பறக்கிற பூச்சிக்கும் பூச்சிக்கும் நடுவே வெளி வேண்டும் அதற்கு. ஒன்றைப் பிடித்தால் கட்டைக்குப் போய் அடித்து விழுங்கிவிட்டுத்தான் அடுத்தது.

மறுநாள் விடிந்ததும் ஜெமியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சிலேயே இருந்து, அவளை மடியில் என் முகம் பார்க்க வைத்து, உதட்டிலிருந்து விரலை எடுத்து, ஜெமி மோளே இது பெஞ்சு இது தகரம் இது காலை இது மூக்கு இது உன் மூக்கு குளச்சலில் கடல் உண்டு கடலில் சாளை உண்டு சாளையைக் குழம்பு வைத்தால் மரச்சீனிக்கு நல்லா இருக்கும் உங்க தாத்தா மிச்சமில்லாமல் தின்பார் நான் படித்த பள்ளியில் ஒரு பெரிய மணி உண்டு மணிக்கு ஒரு கயிறு உண்டு கயிற்றில் ஒரு நாள் ஓணான் ஏறியது சிஸ்டர் அலறியது கன்னியாகுமரி வரை கேட்டது நீ பிறந்த அன்று மழை உன் தலை எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது எனக்குப் பயமாக இருந்தது என்று மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடம் விடாமல், உள்ளே இழுக்கிற மூச்சிலும் பேசி, சொல்லிக்கொண்டே போனேன். செதிலி பாய்ந்தது, ஒன்றை எடுத்தது, அடித்து விழுங்கி வருமுன் முப்பது வார்த்தை பிள்ளையின் காதுக்குள் போயிருந்தது. அவள் கண் பெரிதானது. அவள் என் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு லைன் எழும்பியது. கோலப்பன் அண்ணன் வந்து பெஞ்சின் ஓரத்தில் இருந்து வழக்கம் போல ஸ்டோர்கீப்பர் எண்ணெய் டின்னில் செய்கிற கள்ளத்தனத்தைச் சொன்னார், செதிலி என் பேச்சின் பின்னால் அலைந்துகொண்டிருந்தது, ஸ்டோர்கீப்பர் அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பத்து மணிக்குள் அவர்கள் கைகலந்தார்கள். பதினொரு மணிக்கு மேனேஜர் ஏசிய ஏச்சு இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆட்கள் காதில் விழுந்தது, நாலு பேர் கையுறையைக் கழற்றி எறிந்தார்கள். ரெஜினி மைனி புருஷனை என்னவெல்லாம் சொல்லிவந்தாள் என்று புருஷனுக்குத் தெரிந்தது.

"பிள்ளே, போதும், வாயை மூடு!" என்று ஓடிவந்தாள் அவள், கையில் தண்ணீர்ச் செம்போடு. "இந்தா, குடி. குடிக்கிற நேரமாவது சும்மா இரி."

குடித்தால் இடைவெளி வரும். நான் செம்பைத் தள்ளிவிட்டுப் பேசினேன். கோலப்பன் அண்ணன் தட்டைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் அடித்தார். வின்ஸ்லின் ஷிஃப்டை விட்டு வந்து, "எட்டி, உனக்க வயித்துல பிள்ள உண்டு, பைய, பைய" என்று கெஞ்சினார். லைனே சுற்றி நின்று ஏசியது, அத்தனை ஏச்சும் தின்பாரில்லாமல் என் மேல் விழுந்தது, நான் பேசினேன். மத்தியானத்துக்குப் பிறகு சொல்ல ஒன்றும் மீதி இல்லாமல், குழம்பும் கடலும் பள்ளியும் தீர்ந்து, தொண்டையில் இரத்தச் சுவை வந்தபோது, கடைசியாக இருந்ததைச் சொன்னேன், ஜெமி மோளே இந்தக் கட்டையடியில் நின்று நான் உன்னை ஒரு சொல் சொல்லியிருக்கிறேன், இந்தக் குருவிக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும் என்று.

அங்கே என் குரல் அறுந்தது.

செதிலி கட்டை நுனியில் இருந்தது. வயிறு பிதுங்கி, செதிலெல்லாம் விரிந்து, நிற்க முடியாமல் நின்றது. கழுத்தை நீட்டியது. எப்போதும் போல மிளகு உருண்டைதான் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தது வேறு, ஒரு பல் அளவில், வெள்ளையாக, தின்று செரிக்காமல் வெகுநாள் உள்ளே கிடந்தது போல வழவழப்பாக. பெஞ்சில் விழுந்து உருண்டது. நான் கை நீட்டுமுன் ஜெமி அதை எடுத்து, இடது ஒரு அடி, வலது ஒரு அடி அடித்து, வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, "வேண்டாம்" என்றாள்.

அடுத்த கணம் லைன் முழுவதும் ஓவென்று கத்தியது. பிள்ளை பேசிட்டுது, பிள்ளை பேசிட்டுது என்று ரெஜினி மைனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், கோலப்பன் அண்ணன் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மொத வார்த்தையே வேண்டாமா? கொள்ளாம், எவனுக்கோ போதாத காலம்!" என்று சிரித்தார், ஸ்டோர்கீப்பர் உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், வின்ஸ்லின் பிள்ளையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்து, "இன்னொருக்கா சொல்லு மோளே" என்றார், அவள் அங்கிருந்து குனிந்து என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். சின்னப் பிள்ளை பேசுவது போல மழலையே இல்லை. அது மூக்கடைத்த, தூக்கம் இல்லாத குரல். இரண்டு வருஷத்துக்கு முந்தைய என் குரல். அவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

நான் கையை நீட்டி அவளை வாங்கினேன். குரல் இல்லை, காற்றுத்தான் இருந்தது, இருந்ததை வைத்து "வேணும்" என்றேன்.

செதிலி கட்டையிலிருந்து பாய்ந்தது. டப்.

"வேணும்" என்றேன். டப். இடது ஒன்று, வலது ஒன்று.

ஜெமி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காதில் என் உதட்டை ஒட்டவைத்து, நடுவே நூல் நுழைய இடம் இல்லாமல், மறுபடியும் தொடங்கினேன்.